திறந்தே கிடந்த மூன்று கிளிப்புகள்

அத்தியாயம் 6

"இஸ்திரி போட்டு விரிச்ச மாதிரில்ல இருக்கு சார்?" என்றாள் ஜெஸி.

மாட்டுங்காவில், ஷ்ரவணின் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் அந்தப் பட்டம் விரிந்து கிடந்தது. ஆகாயத்தில் பார்த்தால் பிறைச் சந்திரன் போல வளைந்து, ஓர் ஆளையே கடல்மேல் இழுத்துக்கொண்டு ஓடும் பெரிய பட்டம். இப்போது துளிக் காற்றுகூட இல்லாமல், பந்தலிலிருந்து கழற்றிப் போட்ட துணியாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

லாசர் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து பார்த்தார். கப்பல் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். ஐம்பது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, செம்பூரில் தன் வீட்டு வாசலில் துப்பறியும் நிபுணர் என்று போர்டு மாட்டிக்கொண்டவர். பக்கத்தில் நின்ற ஜெஸி அவருக்கு உதவியாளர், டிரைவர், வாயாடி, மூன்றும். ஆனால் இந்த வழக்கில் அவள் வாயடிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதற்குக் காரணம் லாசருக்குத் தெரியும். இந்தப் பட்டத்தோடு கடலுக்குப் போய் உயிரில்லாமல் கரை ஒதுங்கிய ரெனால்ட், தாராவியில் அவள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டுப் பையன். பேச்சை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று பயந்து அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ரெனால்டின் அம்மா ஏஞ்சலம்மாள்தான் லாசரைத் தேடி வந்தாள். அவள் சொன்னது ஒரே விஷயம். "இனாயத்துல்லா மவளும் எம் மவனும் பழகுனாவ. அது அவருக்குப் பிடிக்கல. பட்டத்தை ரிப்பேருக்குக் குடுத்தப்ப வேணும்னே பசையைச் சரியா ஒட்டாம விட்டுட்டாரு. போலீஸ்லயும் எழுதிக் குடுத்திருக்கேன். அதை நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும், தம்பி."

வினோதம் என்னவென்றால், தாராவியில் பையும் பட்டமும் தைக்கும் அந்த இனாயத்துல்லாவே போலீஸ் சௌக்கிக்கு நடந்து போய், "நான் ஒட்டுன பசைதான் விட்டுப் போச்சு, தப்பு என் பேர்ல" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். வேணும்னு செய்யவில்லை என்றுதான் சொன்னார். ஆனாலும் கவனக்குறைவு என்று வழக்குப் போட அதுவே போதும்.

"இதுல காத்து எப்படி அடிப்பீங்க?" என்று லாசர் கேட்டார்.

ஷ்ரவண் முப்பதைத் தாண்டியவன். படகில் போகவேண்டிய மாண்ட்வா பக்கம் கடற்கரையில் கைட் சர்ஃபிங் பள்ளி நடத்துகிறான். ரெனால்ட் அவனிடம்தான் பயிற்சியாளராக இருந்தான். அவன் கண்களும் தூங்காத கண்களாகத்தான் இருந்தன.

"பழைய மாடல்ல ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனி வால்வு சார். முன்பக்கம் இந்தப் பெரிய குழாய், குறுக்கே மூணு சின்னக் குழாய். நாலு தடவை பம்பு அடிக்கணும், முதுகு போயிடும். இது புதுசு. ஒரே வால்வு. முன்குழாயில அடிச்சா இந்தச் சின்ன ஹோஸ் வழியா காத்து மத்த மூணுக்கும் தானே போயிடும். இறக்கும்போதும் அப்படித்தான். ஒரு மூடியைத் திறந்தா மொத்தமும் காலி. டூரிஸ்ட் வர்ற இடம், சட்டுனு வேலை முடியணுமோல்லியோ."

"ரெனால்டுக்கு எது பிடிக்கும்?"

"பழசுதான். 'ஒண்ணு போனாலும் மூணு மிதக்கும்'பான். எங்கிட்ட தினமும் சண்டை." ஷ்ரவண் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அதுக்குத்தான் புதுசுலேயும் இந்த கிளிப் இருக்கு. ஒவ்வொரு ஹோஸ்லேயும் ஒண்ணு. காத்து அடிச்சதும் மூணையும் அழுத்தி மூடிட்டா ஒவ்வொரு குழாயும் தனியாயிடும். அப்புறம் எங்கேயாவது ஓட்டை விழுந்தாலும் மத்ததுல காத்து நிக்கும். அதைப் பிடிச்சுண்டு கரைக்கு வந்துடலாம்."

லாசருக்கு இது சட்டென்று பிடிபட்டது. கப்பலின் வயிற்றை அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் நடுக்கதவை மூடிவிடுவார்கள், கப்பல் மிதக்கும். கதவைத் திறந்தே போட்டிருந்தால் ஒரே ஓட்டையில் மொத்தக் கப்பலும் போய்விடும்.

அவர் பட்டத்தைப் புரட்டினார். மூன்று கிளிப்புகளும் திறந்தே இருந்தன.

"இதை யாராவது தொட்டீங்களா?"

"இல்லை சார். மீன்காரா இதைப் படகுல தூக்கிப் போட்ட உடனே எடுத்து எனக்கு அனுப்பின போட்டோ இருக்கு." ஷ்ரவண் போனை நீட்டினான். லாசர் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினார். அதிலும் மூன்றும் திறந்தே கிடந்தன.

ஜெஸி எட்டிப் பார்த்தாள். "சார், அந்தப் பய கிட்ட கத்துக்கிட்ட பசங்க அவனுக்கு வெச்ச பேரே கிளிப் மாஸ்டர். எங்க சந்துல சைக்கிள் ஸ்டாண்டு போடாம போனாக்கூட 'கிளிப்பு, கிளிப்பு'ன்னு கத்துவான். அவன் மூடாம போயிருக்க மாட்டான்."

"அப்ப காத்து அடிச்சது அவன் இல்லை," என்றார் லாசர்.

ஷ்ரவண் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "அங்கே வேற யாருமே இல்லையே சார். கிளாஸ் முடிஞ்சு ஸ்டூடன்ட்ஸை நான் படகுத்துறைக்குக் கூட்டிண்டு போயிட்டேன். சாமானைக் கட்டிண்டு கடைசிப் படகுல வரேன்னான். மிதவை ஜாக்கெட்டைக்கூட மூட்டைக்குள்ள வெச்சுட்டான். அப்புறம் ஏன் இறங்கினான்னு எனக்கு இன்னும் தெரியலை."

லாசர் பட்டத்தைச் சுருட்டச் சொன்னார். சோதித்துப் பார்க்க பம்பும் பசையும் விரித்துப் போட இடமும் வேண்டும். மூன்றும் ஒன்றாக இருக்கிற இடம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

"குத்தத்தை ஒத்துக்கிட்ட ஆளு வீட்டுக்கே போய் 'உங்க குத்தத்தை செக் பண்ண கொஞ்சம் எடம் குடுங்க'ன்னு கேக்கப் போறோமா?" என்றாள் ஜெஸி, வண்டியை எடுத்தபடி. "நல்லா மரியாதை கிடைக்கும். டீ வந்தா குடிக்காதீங்க."

* * *

தாராவியில் இனாயத்துல்லாவின் பட்டறை இரண்டு மாடி. கீழே தோல் பைகள் தைக்கிற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரும்பு ஏணியில் ஏறிப் போனால் மேலே தகரக் கூரைக்கு அடியில் நீளமான கூடம். அங்கேதான் காற்றடைக்கிற சாமான்களுக்கு வைத்தியம். ரப்பர் படகு, குழந்தைகள் குதிக்கும் பலூன் மெத்தை, ஷ்ரவணின் பட்டங்கள்.

இனாயத்துல்லா அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மெலிந்த மனிதர். தாடி ஒரு வாரத்தில் வெளுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஜெஸியின் தோளில் இருந்த சுருட்டலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதை எதுக்கு இங்க கொண்டாந்தீங்க அண்ணாச்சி? நான்தான் ஒத்துக்கிட்டேன்லா."

"ஒத்துக்கிட்டது சரியான்னு பாக்கணும் பாய்."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? வால்வு ஓரத்துல நான்தான் ஒட்டுனேன். விட்டுப் போச்சு. என் பேர்ல வழக்கு வரட்டும், நான் பாத்துக்கிடுதேன். எங்க வீட்டுல வேற யாருக்கும் இதுல சம்பந்தம் கிடையாது. மவகூட அன்னைக்கு உல்லாஸ்நகர் போயிருந்தா, ஜிப்பு வாங்க."

லாசர் அவரையே பார்த்தார். "நான் உங்க மகளைப் பத்திக் கேக்கவே இல்லையே பாய்."

இனாயத்துல்லா துணியை எடுத்து ஈரமில்லாத கைகளைத் துடைத்தார்.

பட்டத்தைக் கூடத்தில் விரித்தார்கள். ஜெஸியே பம்பை மிதித்தாள். ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் கரைத்து, ஒட்டுப் போட்ட வால்வின் ஓரமெல்லாம் லாசர் தடவினார். ஓட்டை இருந்தால் குமிழி வரும். வரவில்லை. பசை கல்லு மாதிரி நின்றது. ஆனால் எங்கேயோ சீறல் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. லாசர் காதை வைத்துக்கொண்டே முன்குழாயின் வலது ஓரம்வரை நகர்ந்தார். அங்கே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். துணியின் மடிப்புக்குள் ஒரு மூங்கில் சிம்பு குத்திக்கொண்டு நின்றது.

"மீன்வலை கட்ட நட்டு வெச்ச கழி," என்றார் அவர். "பட்டம் தண்ணியில விழுந்து அதுல மாட்டிக் கிழிஞ்சிருக்கு. உங்க பசை விடலை பாய். நீங்க செய்த வேலையில ஒரு குறையும் இல்லை."

இந்த வார்த்தையைக் கேட்டால் எந்த மனிதனும் பெருமூச்சு விடுவான். இனாயத்துல்லா பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "இல்ல அண்ணாச்சி. பசைதான். பசைன்னே எழுதிக்கிடுங்க," என்றார். குரல் கெஞ்சியது.

ஜெஸி லாசரின் காதோரம் வந்தாள். "விடுதலைன்னு சொன்னதுக்கு இப்படி முழிக்கிற ஆளை இப்பத்தான் சார் பாக்கேன்."

அப்போது ஏணியில் காலடி கேட்டது. இனாயத்துல்லாவின் மகள் ஜோயா ஏறி வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும். பட்டத்தைப் பார்த்து ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல உள்ளே வந்து, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "கிழிசல்ல டேப்பு ஒட்டணுமா? குடுங்க, நான் ஒட்டுதேன்," என்றாள்.

"நீ கீழ போ," என்றார் இனாயத்துல்லா.

"இருக்கட்டும் வாப்பா."

அவள் மூங்கில் சிம்பை மெதுவாக உருவி எடுத்தாள். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, டேப்பை வைத்து நகத்தால் அழுத்தி ஒட்டினாள். வேலை தெரிந்த கை.

லாசர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "பாய், ரிப்பேர் முடிஞ்சதும் நீங்க எப்படி டெஸ்டு பண்ணுவீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டதால் இனாயத்துல்லா யோசிக்காமல் பதில் சொன்னார். "மொத்தமா காத்தடிச்சு ராத்திரி பூரா விட்டுருவோம். கிளிப்பெல்லாம் திறந்தே இருக்கும். எந்தக் குழாய்ல சின்னப் பொத்தல் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து தொய்ஞ்சுரும். காலைல பாத்தாலே தெரிஞ்சுரும். மூடி வெச்சா ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கணும். இங்க யாரும் கிளிப்பை மூடுனதே இல்ல."

"அப்படியே இப்ப ஒரு தடவை அடிச்சுப் பாக்கலாமா?"

ஜோயா பம்பை இழுத்தாள். மிதிக்க மிதிக்க முன்குழாய் எழுந்து வளைந்தது, குறுக்குக் குழாய்கள் விறைத்தன, செத்துக் கிடந்த பட்டம் கூடத்தை அடைத்துக்கொண்டு நிமிர்ந்தது. கடைசி மிதியையும் மிதித்துவிட்டு அவள் வால்வை மூடினாள். திரும்பி இரண்டு எட்டு நடந்தாள். நின்றாள். மறுபடி வந்து முட்டி போட்டாள்.

முதல் கிளிப்பை அழுத்தி மூடினாள். நகர்ந்து போய் இரண்டாவதை மூடினாள். மூன்றாவதில் அவள் விரல் வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினாள். அழுத்திய பிறகும் கையை எடுக்கவில்லை.

பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று லாசருக்குத் தோன்றியது. ஒரு தாயின் சந்தேகத்தைத் தீர்க்க வந்தவர் அவர். தீர்ந்தது. ஆனால் தீர்ந்த இடத்தில் இந்தப் பெண் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "ஜோயா, இந்தப் பட்டறையில யாருமே கிளிப்பை மூடுனதில்லைன்னு உங்க வாப்பா இப்பத்தான் சொன்னாரு. நீ ஏம்மா மூடுன?"

இனாயத்துல்லா எழுந்தார். "அண்ணாச்சி, வேண்டாம்."

"நான்தான் அன்னைக்கு அடிச்சேன்," என்றாள் ஜோயா.

அவள் கிளிப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"உல்லாஸ்நகர் போறேன்னு சொல்லிட்டு அங்க போனேன். அவன் கடல்ல ஓடுறதை நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. போன்ல வீடியோதான் காட்டுவான். நான் போய்ச் சேரும்போது சாமானெல்லாம் கட்டிட்டான். எனக்காகத்தான் மறுபடி பிரிச்சான். படகுக்கு நேரமாகுது, ஒரே ரவுண்டுன்னான். ஜாக்கெட்டைக்கூட வெளிய எடுக்கல. அவன் கயித்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தான், நான் பம்பு அடிச்சேன். இங்க அடிக்கிற மாதிரியே அடிச்சேன். கிளிப்புன்னு ஒண்ணு இருக்கே, அதை மூடணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவன் எப்பவும் ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துட்டுத்தான் போவானாம். அன்னைக்கு பட்டத்துகிட்ட வந்தான். என்னைப் பாத்துச் சிரிச்சான். 'நீ அடிச்சா நான் செக் பண்ண வேண்டாம்'னு சொல்லிட்டுப் போயிட்டான்."

ஜெஸி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தூரத்துல பட்டம் விழுந்துச்சு. விழும், தூக்கிருவான்னு நின்னேன். எழும்பவே இல்ல. தண்ணி உள்ள இழுத்துக்கிட்டு இருந்த நேரம். கத்துனேன், கரையில ஒரு ஆளு இல்ல. ஓடிப் போய் மீன்காரங்களைக் கூட்டிட்டு வந்தேன். படகு போச்சு. பட்டத்தைத்தான் கொண்டு வந்தாங்க. நான் யாருன்னு அவங்க யாரும் கேக்கல."

இனாயத்துல்லா மகளின் தலையில் கை வைத்தார். "அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா அண்ணாச்சி. வெளிய சொன்னா ஊரு இவளை என்ன பேசும்? கொன்னுட்டான்னு சொல்லும். அதான் எம் பேர்ல போட்டுக்கிட்டேன். எனக்கு வயசாச்சு, நான் தாங்கிக்கிடுவேன். அந்தப் பையனை வேண்டாம்னு சொன்னது வாஸ்தவம். சாகட்டும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல."

"சட்டத்துக்கு இது விபத்து பாய்," என்றார் லாசர். "கழி கிழிச்சது, காத்து போச்சு. சௌக்கியில அதை நான் எடுத்துச் சொல்லிருவேன். உங்க பேரும் வேண்டாம், இவ பேர்ல குத்தமும் வராது."

"அவங்க அம்மாகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று ஜோயா கேட்டாள்.

லாசர் கப்பல் கம்பெனிக்காரர்களிடம் எத்தனையோ தடவை கெட்ட சேதி சொல்லியிருக்கிறார். அது சரக்கைப் பற்றியது.

ஜோயா எழுந்தாள். "நானே வந்து சொல்லுதேன்."

"அந்த அம்மா முன்னாடி இவளைக் கொண்டு நிறுத்தாதீங்க அண்ணாச்சி," என்றார் இனாயத்துல்லா. லாசரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் மகள் அதற்குள் ஏணியில் பாதி இறங்கியிருந்தாள்.

* * *

ஏஞ்சலம்மாளின் வீடு நாலு சந்து தள்ளி. ஒற்றை அறை. சுவரில் மாதா படத்துக்குக் கீழே ரெனால்டின் போட்டோ, அதற்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. சாயங்கால வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது. லாசருக்குப் பின்னால் ஜோயாவைப் பார்த்ததும் ஏஞ்சலம்மாளின் முகம் இறுகியது.

"இவ எதுக்கு வந்தா?"

"அக்கா, பசை நல்லாத்தான் இருந்துச்சு," என்று லாசர் ஆரம்பித்தார். அதற்குமேல் அவரை ஜோயா பேசவிடவில்லை. பட்டறையில் சொன்னதையெல்லாம் நின்றபடியே திரும்பச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. கிளிப் என்ன என்று புரியவேண்டும் என்பதற்காக அதை இரண்டு தடவை விளக்கினாள். அவன் சிரித்ததையும் சொன்னதையும்கூட விடவில்லை.

ஏஞ்சலம்மாள் அழவில்லை. மகனை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை என்று ஜெஸி சொல்லியிருந்தாள். யாரோ செய்துவிட்டார்கள் என்கிற கோபத்தை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் நின்றிருந்தாள். அதை இப்போது ஒரு சின்னப்பெண் வந்து வாங்கிக்கொண்டாள்.

பிறகு அவள் கேட்டாள். "அன்னைக்கு அவன் சாப்பிட்டானா?"

ஜோயாவுக்கு முதலில் புரியவில்லை.

"காலைல கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம போனான். டிபன் கட்டிக் குடுத்தேன், வெச்சிட்டுப் போயிட்டான். வெறும் வயித்தோட கடல்ல கெடந்தானேன்னுதான்..." ஏஞ்சலம்மாளால் முடிக்க முடியவில்லை.

"சாப்பிட்டான்," என்றாள் ஜோயா. "இடியாப்பமும் கறியும் நான் கொண்டு போயிருந்தேன். மணல்ல உக்காந்து எல்லாத்தையும் தின்னான். எனக்குக்கூட வெக்கல. எங்க அம்மா வெச்சா இதைவிட உறைப்பா இருக்கும்னு சொன்னான்."

அப்போதுதான் ஏஞ்சலம்மாள் அழுதாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, உடம்பே குலுங்க அழுதாள். ஜோயா ஓர் எட்டு முன்னால் வந்தாள். தொடுவதற்கு உரிமை உண்டா என்று தெரியாமல் கையை இழுத்துக்கொண்டாள். லாசர் வாசற்படியில் நின்று சந்தைப் பார்த்தார். ஜெஸியும் அழுதுகொண்டிருந்தாள்.

அழுது ஓய்ந்ததும் ஏஞ்சலம்மாள் முகத்தைத் துடைத்தாள். "உங்க வாப்பா மேல சொன்னதை நாளைக்கே போய் வாபஸ் வாங்கிருதேன்," என்றாள் ஜோயாவைப் பார்க்காமலே. "உன் மேல எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்ல என்னால முடியாது. இப்ப முடியாது. நீ போ."

ஜோயா தலையை ஆட்டினாள். போட்டோவை ஒரு முறை பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு சந்துக்குள் இறங்கினாள். குழாயடிக்கூட்டமும் சைக்கிள்களும் அவளை மறைத்தன.

ஏஞ்சலம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து வாசலுக்கு வந்தாள். பெண் போன திசையைப் பார்த்தாள்.

"ஜெஸி," என்றாள். "அந்தச் சந்துல லைட்டு எரியாது. கூடப் போயி, பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வா."